மீட்டரே, அவகிட்டச் சொல்லு

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்கு மெசின் வந்து இறங்கியது. கல்யாணச் சீர் வருகிற மாதிரி நாலு பெட்டி. ஜெனிட்டா என்கிற பெண் காலேஜ் வண்டியில் கொண்டுவந்தாள். நாகர்கோவில்காரி. இந்த மெசினை வைத்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாளாம், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லையாம். "அப்பறம் என்னத்துக்கு அம்முணி அந்த டாக்டரு?" என்றேன். கோவித்துக்கொள்ளாமல் சிரித்தாள். பிழைத்துக்கொள்வாள்.

என் வீட்டுக்காரர் கிட்டுசாமிக்குப் போன வருசம் தறிக் குடோனிலேயே பக்கவாதம் வந்தது. கை கால் ஆடாது, பேச்சு வராது. இமையை மட்டும் மூடித் திறப்பார். காது மட்டும் பழைய காது, பக்கத்து வீட்டில் தாளிப்பது கூடக் கேட்கும். முதலில் கண்ணைப் பார்த்து வேலை செய்கிற மெசின் ஒன்று கொண்டுவந்து பார்த்தார்கள். இவர் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. இது வேறு மாதிரி.

தலைக்கு ஒயர் வைத்த தொப்பி. ஓட்டை ஓட்டையாகப் பசை வைத்தாள். கல்யாணத்தன்றைக்குக்கூட இவர் தலைக்கு இத்தனை உபசாரம் நடந்ததில்லை.

"நம்ம தலைக்குள்ளயும் கரண்ட் ஓடுதும்மா. அதை இந்தத் தொப்பி பிடிச்சு லேப்டாப்புக்குக் குடுக்கும். வலது கையை மடக்கற மாதிரி அப்பா மனசுல நினைச்சாப் போதும், திரையில வெளிச்சம் எழுத்து எழுத்தா நகரும். இடது கையை நினைச்சா அந்த எழுத்து நிக்கும்."

"கரண்டு ஓடுதுன்னா இவரு தலைக்கும் ஒரு மீட்டர் வெக்கோணுமே?" என்றேன்.

மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியும் நான் எங்கே குத்தினேன் என்று.

வீட்டில் ஒழுங்கான பிளக், கதவோரம் கரண்ட் மீட்டர் பெட்டிக்குக் கீழே மட்டும்தான். அதனால் திரையையும் அதற்கு நேர் கீழேயே வைத்தாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பதினோரு வருசமாக என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. நன்றாக இருந்தபோதே பேசவில்லை. இப்போது மெசின் வந்திருக்கிறது. அவர் வாயில் வராத என் பெயரை இதன் வாயில் வரவழைப்பேன். வரவழைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். இது அந்த அங்காளம்மன் மேல் ஆணை.

அவர் தூக்கம், சாப்பாடு, முகம் எல்லாம் தினமும் எழுதச் சொல்லி ஜெனிட்டா ஒரு நோட்டு கொடுத்திருக்கிறாள். நான் நாலாவதோடு நின்றவள். அதில் 'நன்று' என்று போட்டால் போதும். இது நூல் கடைக்காரர் கொடுத்த டைரி. இது எனக்கு.

ஜூன் 18, புதன்

ரசஞ்சோறு கரைத்து ஊட்டினேன். தலையில் காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்தேன். "பேன் பாக்கறாப்பல இருக்குதுங்க மாமா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

தறி ஓடினால், லேப்டாப்பில் அவர் தலைக் கரண்டைக் காட்டுகிற கோடு கலங்குகிறதாம். அதனால் ஜெனிட்டா இருக்கிற வரைக்கும் இரண்டு தறியையும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். இந்த வீட்டில் பகலில் இத்தனை அமைதியை நான் கண்டதில்லை. தறிச் சத்தம் இருக்கிற வரையில் நாங்கள் பேசிக்கொள்ளாதது யாருக்கும் தெரியாது, எங்களுக்கே பாதி நேரம் தெரியாது.

பயிற்சி நடந்தது. அவர் கையை நினைக்கிறார், வெளிச்சம் நகர்கிறது. நான் நெய்த துணியை மடித்துக்கொண்டே ஜெனிட்டாவிடம், "என்ற வீட்டுக்காரரு கைய மடக்கறதுல கெட்டிக்காரரு, பொண்டாட்டிக்குப் பூ வாங்கோணும்னா கையே விரியாது" என்றேன். லேப்டாப்பில் கோடு குதித்தது.

"அம்மா, பேசாதீங்க. கோடு கலையுது."

"நானு இத்தன தூரத்துல இருக்கறனே?"

"நீங்க பேசினா மட்டும்தான் கலையுது. நான் பேசினா கலையல. வெளியில லாரி ஹாரன் அடிச்சாங்க, அதுக்கும் கலையல."

"கோவத்துல இருப்பாரு."

"கோவமா சந்தோசமான்னு இதுக்குத் தெரியாதும்மா. உள்ளே ஏதோ பெரிசா நடக்குதுன்னு மட்டும்தான் காட்டும்."

கோபம்தான். எனக்குத் தெரியாதா?

எதற்குக் கோபம் என்று அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். எங்கள் கல்யாணத்தில் இவர் அக்கா பொன்னாத்தாள்தான் இணைச்சீர் செய்தாள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்கிற சீர் அது. 'உனக்குப் பொண்ணு பிறந்தால் என் வீட்டுக்கு' என்று அதற்கு அர்த்தம். எங்கள் மகள் இந்து பிறந்தாள். நாத்தனார் மகன் தனபாலுக்குத்தான் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். நிச்சயம் பேச ஒறம்பரை சனம் அத்தனையும் வந்து உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் இந்து என் மடியில் படுத்து எத்தனை அழுதாள் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய், "மாப்ளைக்குக் காப்பியா டீயா?" என்று கேட்டேன். தனபால் அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் "காப்பி" என்றாள். "ஏனுங்க மாப்ள, மொத ராத்திரிக்கும் அம்மாவக் கேட்டுட்டுத்தான் உள்ள வருவீங்களா?" என்றேன். சமையல்காரர் வரைக்கும் சிரித்தார்கள். நாத்தனார் எழுந்து செருப்பைத் தேடினாள். கல்யாணம் நின்றது.

அன்றைக்கு இவர் என்னைப் பார்க்காமல் கதவோரம் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்து, "மீட்டரே, இனி இவளுக்கும் எனக்கும் பேச்சில்லை. அவகிட்டச் சொல்லு" என்றார். அதிலிருந்து எல்லாம் மீட்டர் வழியாகத்தான். மீட்டரே, சோறு போடச் சொல்லு. மீட்டரே, நாளைக்குப் பாவு நூலு வருதுன்னு சொல்லு. நான் ஒரு நாளும் மீட்டரோடு பேசியதில்லை. நேராக அவரையே பார்த்துப் பேசுவேன், வம்பிழுப்பேன். எனக்கு வாய் இருக்கிறது, எதிரில் ஆள் இருக்கிறது, நடுவில் கரண்ட் ஆபீஸ்காரன் சாமான் எதற்கு?

இப்போதும் அப்படித்தான். அவர் அக்கா கேட்டால் ஒரு தடவை இமைப்பார், ஆமாம். இரண்டு தடவை இமைப்பார், இல்லை. நான் கேட்டால் கதவைச் சாத்துகிற மாதிரி இரண்டு கண்ணையும் மூடிவிடுவார்.

ஜூன் 23, திங்கள்

இன்றைக்கு வலையை விரித்தேன்.

எழுத்து எழுத்தாகத் தேட நேரமாகிறது என்று ஜெனிட்டா சில கட்டங்கள் வைத்தாள். தண்ணீர், வலி, ஃபேன், புரட்டிப் படுக்க வை. அந்தக் கட்டத்தை நிறுத்தினால் மெசின் சத்தமாகச் சொல்லும். சளி பிடித்த பெண் ரேடியோவில் பேசுகிற மாதிரிக் குரல்.

"வெறும் தண்ணின்னா யாருக்குத் தெரியும் அம்முணி? எல்லாத்துக்கும் முன்னால 'மயிலா'ன்னு போட்டுவிடு. அதை நிறுத்தினாத்தான் மத்த கட்டமெல்லாம் தொறக்கோணும். அப்பத்தான் நான் தறிக்கிட்ட இருந்தாலும் ஓடியாருவேன்."

நியாயம்தானே என்று அவளும் செய்துவிட்டாள், எழுத்துகளை மட்டும் பூட்டாமல். என் முழுப்பெயர் மயிலாத்தாள். மயிலா என்று கூப்பிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கப்பா. இன்னொருவர் கல்யாணமான புதிதில் இவர்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வெளிச்சம் 'மயிலா'வில் வந்து வந்து போனது. அவர் நிறுத்தவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது, நிறுத்தவில்லை. "ஒரு வார்த்தைதானுங்க மாமா, வரியா கட்டப்போறீங்க?" என்றேன். கோடு குதித்ததுதான் மிச்சம்.

கடைசியில் கேட்காமலே ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். கேட்காதவருக்குக் கொடுப்பதும் ஓர் அடிதான்.

ஜூன் 26, வியாழன்

இரண்டாம் தறியில் பாவு அறுந்து அறுந்து உயிரை வாங்கியது. அவர் முதுகில் புண் வருகிற மாதிரி சிவப்பு. பவுடர் போட்டுப் புரட்டிப் படுக்க வைத்தேன். மயிலா, இன்னும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

நாத்தனார் இளநீரோடு வந்தாள். தம்பி தலையில் தொப்பியைப் பார்த்ததும் ஒப்பாரிக்குத் தயாராகிவிட்டாள்.

"என்ற தம்பியக் கரண்டு வெச்சுக் கொல்றாளே பாவி!"

"அக்கட்டால நில்லுங்க நங்கையா. உங்க தலையில மாட்டிப்போடப் போறாங்க. அப்பறம் உள்ள ஒண்ணுமே ஓடலைன்னு மெசினு சொல்லிப்போடும்."

ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். இன்றைக்கு ஞாயிறு என்றும் பாராமல் வந்திருந்தாள், பாவம்.

அவர் அக்காவுக்காக எழுத ஆரம்பித்தார். 'அ' நின்றது. 'க்' நின்றது. 'கா' வரப்போகிற நேரம் நான், "தனபாலு சௌக்கியமுங்களா? இப்பவாச்சும் காப்பி கேக்கறானா?" என்று கேட்டேன். கோடு ஒரு துள்ளு துள்ளியது. திரையில் 'அக்னோ' என்று வந்து நின்றது.

"அக்னோவா? யாரது அக்னோ?" என்றாள் நாத்தனார்.

"உங்களுக்குத் தம்பி வெச்ச புதுப் பேருங்க."

அவள் இளநீரைக்கூட வைக்காமல் போய்விட்டாள். ஜெனிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினாள். திட்டட்டும். இத்தனை வருசத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

ஜூலை 2, புதன்

எழுதிவிட்டார்! முழுதாக ஒரு வார்த்தை. என் பெயர்க் கட்டத்தைத் தாண்டிப் போய், எழுத்துக்களில் ஒவ்வொன்றாகப் பிடித்து, நெற்றியெல்லாம் வேர்த்து எழுதினார்.

மீட்டரே.

மெசின் அதைச் சளிக்குரலில் சத்தமாக வாசித்தது. அடுத்து 'தண்ணி' என்று ஆரம்பிப்பதற்குள் களைத்துப்போய் நின்றுவிட்டது.

ஜெனிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மீட்டரேயா? இது தப்பா விழுந்த எழுத்தா இருக்கும். அம்மா, உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

எனக்குப் புரியாதா? தமிழ்நாட்டிலேயே புரிந்த ஒரே ஆள் நான்தான். ஒரு எழுத்துப் பிசகில்லை. பேச்சு போய், கை கால் போய், தலைக்குள் இருக்கிற கரண்டை வைத்து எழுதுகிறபோதும் இந்த மனுசன் மீட்டரைத்தான் கூப்பிடுகிறார்.

"தெரியலையே கண்ணு. கரண்ட் பில்லு நெனப்பா இருக்கும்" என்றேன்.

சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. அதை எழுதவேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கப்பா இறந்த அன்றைக்கு நான் தறியில் நின்றிருந்தேன். போன் இவருக்குத்தான் வந்தது. இவர் வந்து மெயினை அணைத்தார். அப்போது இருந்த நாலு தறியும் ஒரே மூச்சில் நின்றன. என்னைப் பார்க்கவில்லை. மீட்டர் பெட்டியைப் பார்த்து, "மீட்டரே, இவங்கப்பன் போயிட்டாராம். சீலைய மாத்திட்டுப் பொறப்படச் சொல்லு" என்றார்.

அப்போது பேச்சு நின்று இரண்டு வருசம். அதுவரைக்கும் எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

நான் சேலையை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் தனியாகப் போனேன். இவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். அங்கே நான் அழவில்லை. மீட்டர் சொன்ன சேதிக்கு யார் அழுவார்கள்? கல் நெஞ்சுக்காரி என்று சித்திமார் பேசிக்கொண்டார்கள்.

ஜூலை 5, சனி

நேற்றும் மீட்டரே. இன்றைக்கும் மீட்டரே.

ஜெனிட்டா முகம் வாடிப்போய்விட்டது. அவள் பெரிய சார் வியாழக்கிழமை வந்து பார்ப்பாராம். அர்த்தமுள்ள பேச்சாக ஒன்று வரவேண்டுமாம். இல்லையென்றால் இவர் மூளை மெசினுக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு செய்து, உடுமலைப் பக்கம் காத்திருக்கிற ஒரு வாத்தியாருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"போச்சுன்னா இவருக்கு வேற மெசினு உண்டா?"

"இப்போதைக்கு இல்லம்மா. அப்பா இப்படியே இருக்க வேண்டியதுதான்."

ஆக, நான் வாயைத் திறந்து 'அது இந்த மீட்டர் பெட்டி, அவர் என்னைத்தான் கூப்பிடுகிறார்' என்று சொன்னால் மெசின் இருக்கும். சொல்லாவிட்டால் போகும். பதினோரு வருசம் எனக்குக் கொடுத்ததை, அவர் ஆயுசுக்கும் திருப்பிக் கொடுக்கலாம். கை கூட நீட்டவேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

இத்தனை வருசமாகச் சும்மா இருக்கத் தெரியாதவள் நான். இப்போது கற்றுக்கொள்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

இட்லிக்கு மாவு புளிக்கவில்லை. இந்து போனில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்று என்றேன்.

ஜூலை 9, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. தறி இல்லை, ஃபேன் இல்லை, மெசின் இல்லை. மீட்டரில் சிவப்பு விளக்குகூட இல்லை. விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, இன்னிக்கு உங்க தூதருக்கு லீவு. அதனால நேரா சொல்றனுங்க, கேட்டுக்கோங்க. நாளைக்குப் பெரிய சார் வர்றாரு. நீங்க மீட்டரேன்னு எழுதுவீங்க. அவங்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும். நானு வாயத் தொறக்கமாட்டேன். மெசினக் கழட்டி வண்டியில ஏத்தற வரைக்கும் பாத்துட்டு நிப்பேன். உங்க மீட்டரே எறங்கி வந்து சொல்லட்டும்."

வழக்கமாக இந்நேரம் கண்ணை மூடியிருப்பார். மூடவில்லை.

"நீங்க பேசலைன்னு எனக்கு வருத்தமில்லை. அதுக்கு நானு செஞ்சதும் அப்படித்தான், மறுக்காச் செய்யச் சொன்னாலும் செய்வேன். எம் புள்ள நல்லா இருக்கறா. ஆனா எங்கப்பா செத்ததை மீட்டருக்குச் சொன்னீங்க பாருங்க மாமா. அதை எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லல."

விசிறிக்கொண்டே இருந்தேன். கை வலித்தது. அவர் கண்ணை மூடவே இல்லை. கண் எரியுமே என்று நானே இமையை நீவி மூடிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பெரிய சார் வந்தார். வழுக்கைத் தலை. "இவரு தலையில தொப்பி ஒட்டறதுக்கு வசதிங்களே" என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். சபதம் சபதம்தான்.

தொப்பி மாட்டினார்கள். வெளிச்சம் ஓடியது. அவர் எதையும் நிறுத்தவில்லை. மீட்டரே கூட வரவில்லை. கட்டம் மேல் கட்டம், எழுத்து மேல் எழுத்து, வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜெனிட்டாவைப் பார்த்தார்.

"சார், இன்னும் ஒரு தடவை மட்டும்" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. என் பக்கம் திரும்பி, "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது இருந்தாச் சொல்லுங்கம்மா" என்றாள்.

நான் கதவில் சாய்ந்துகொண்டு விட்டத்தைப் பார்த்தேன்.

சார் தொப்பியின் கொக்கியில் கை வைத்தார். அப்போது மெசின் பேசியது.

"மயிலா."

நான் அசையவில்லை. திரும்பிப் பார்க்கமாட்டேன் என்றுதானே ஆணை.

அதற்குப் பிறகு தண்ணீர்க் கட்டத்துக்குப் போகவில்லை. எழுத்துக்குப் போனார். ஒவ்வொன்றாக. நடுவில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் குல்ஃபிக்காரன் மணியடித்துக்கொண்டு வந்து, போய், திரும்பியும் வந்தான். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. துடைக்கப் போகவில்லை நான். துடைக்கப் போனால் திரையைப் பார்க்கவேண்டி வரும்.

கடைசியில் அந்தச் சளிக்குரல் வாசித்தது.

"மயிலா உங்கப்பா போயிட்டாரு வா போலாம்."

ஜெனிட்டா பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "அம்மா, என்ன இது? உங்க அப்பாவுக்கு என்ன? நிசமாவா?"

"ஆமா அம்முணி" என்றேன். "இப்பத்தான் சேதி வந்துச்சு."

சேதி கேட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவேண்டும், அதுதான் முறை. பின்கட்டுக்குப் போய் ஊற்றிக்கொண்டேன். வெளியே வந்தபோது தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. நாளைக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். கவனமில்லாமல் காலி செய்துவிட்டேன்.

மெசின் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு சார் போய்விட்டாராம்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் ஜெனிட்டா தொப்பி மாட்டி முடித்த உடனே, "மயிலா. தண்ணீர்" என்றது மெசின். நேராக. ஒரு தயக்கமில்லை.

கையில் டம்ளரோடு போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பதினோரு வருசத்தில் முதல் தடவையாக அண்ணாந்து மீட்டர் பெட்டியைப் பார்த்தேன்.

"மீட்டரே, தண்ணி வருதுன்னு அவருகிட்டச் சொல்லு. வந்து சேர ஒரு பதினோரு வருசம் ஆகும்னும் சொல்லு."

"அம்மா!" என்று கத்தினாள் ஜெனிட்டா. "கோடு எங்கேயோ போகுது. இந்த அளவுக்கு நான் பார்த்ததே இல்ல. அப்பாவுக்குக் கோவம் வந்துட்டுதா, சிரிக்கறாங்களா? ஒண்ணும் தெரியலையே."

எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அவருடைய உதடு காய்ந்திருந்தது. ஸ்பூனை எடுத்து, முதலில் மீட்டர் பெட்டிக்கு ஒரு தடவை காட்டிவிட்டு, அப்புறம் அவருக்கு ஊற்றினேன்.